எட்டு செகண்ட் குடை

கால்ல இடிக்குதா சார்? மன்னிச்சுக்கங்க. மேல வைக்கலாம்தான், ஆனா டிரைவர் ஒரு பிரேக் போட்டான்னா யார் தலையில வந்து இறங்கும்னு சொல்ல முடியாது. அஞ்சே முக்கால் கிலோ. நிறுத்துப் பார்த்தேன். குளிக்கற ஸ்டூல் சார் இது. நாலு காலுக்கும் ரப்பர் அடிச்சு, ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சு, வெல்டிங் பட்டறையில நானே கூட நின்னு செஞ்சு வாங்கினது. என் தம்பிக்கு. அவனுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. எட்டு வருஷம் ஆச்சு.

நீங்க திருவண்ணாமலையில ஏறினீங்க இல்ல? நான் விடிகாலையிலேயே கடலூர்ல ஏறினேன். பெங்களூர்ல இருக்கான் தம்பி. அஞ்சு வாரமா. இந்த ஸ்டூலை விட்டுட்டுப் போயிட்டான், அதைக் கொண்டு போறேன். அப்படியே அவனையும் கூட்டிட்டு வந்துடலாம்னு. நாளைக்கு சாயங்கால பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வரமாட்டான்.

மணி என்ன சார்? ஒம்பது பத்தா. பத்தரைக்கு அவனுக்கு ஆட்டம் இருக்கு, போன்ல காட்டுவாங்க. சார்ஜ் எழுபத்திரெண்டு இருக்கு, போதும். செங்கம் தாண்டி சிங்காரப்பேட்டை பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும்னாங்க.

என்ன ஆட்டமா? கம்ப்யூட்டர் கேம் சார். சிரிக்காதீங்க. நானும் ஆடுவேன். நாப்பத்தியோரு வயசு, சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில சேஃப்டி ஆபீசர். எங்க பிளான்ட் கேட்டுல ஒரு போர்டு இருக்கும், விபத்தில்லா நாட்கள் ஆயிரத்து நாநூத்திப் பன்னெண்டுன்னு. அது என் போர்டு. ஹெல்மெட் போடாம எம்.டி. வந்தாலும் உள்ள விடமாட்டேன். விட்டதில்ல.

வீட்டுல அப்படி ஒரு போர்டு மாட்ட முடியல. பைக் நான் வாங்கிக் கொடுத்தது. பத்தொம்பது வயசு அவனுக்கு. ஹெல்மெட்டும் நான் வாங்கிக் கொடுத்ததுதான், நல்ல ஹெல்மெட், போட்டுக்கிட்டுத்தான் போனான். ஆல்பேட்டை கிட்ட லாரிக்காரன் இடிச்சான். தலையில ஒரு கீறல் கிடையாது சார். முதுகெலும்புக்கு எவன் ஹெல்மெட் விக்கறான் சொல்லுங்க.

அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. நானும் என் வீட்டுக்காரி கோதையும்தான். வீட்டுல எல்லாம் மாத்தினேன். வாசப்படியை இடிச்சு சரிவு போட்டேன். கட்டில் பக்கத்துல பெல், பாத்ரூம்ல பெல். பாத்ரூம் கதவுல உள்தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். விழுந்தான்னா உடைச்சுக்கிட்டா உள்ள போக முடியும்? அதுக்கு மூணு நாள் பேசல. இருபத்தியேழு வயசு ஆம்பளை சார், தாழ்ப்பாளுக்குக் கோவிச்சுக்கிட்டான்.

சரி, கேமுக்கு வர்றேன். அதுக்கு இங்கிலீஷ்ல ஏதோ நீளமா பேரு, நாங்க கோட்டைன்னுதான் சொல்லுவோம். அஞ்சு பேரு சேர்ந்து உள்ள போகணும். ஒவ்வொரு அறையிலயும் ஒரு ராட்சசன் இருக்கும், அடிச்சுச் சாய்ச்சாதான் அடுத்த அறை. அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் பேரு இளங்கீரன், கேம்ல கீரின்னு வச்சுக்கிட்டான். ரெண்டு கையிலயும் குத்துவாள். ஓட்டம்னா என்ன ஓட்டம்கிறீங்க. தூண் மேல ஏறி, அந்தப் பக்கம் குதிச்சு, ராட்சசன் முதுகுல குத்திட்டு, அது திரும்பறதுக்குள்ள பத்தடி தள்ளி நிப்பான். நான் மொத மொத பார்த்தப்ப எழுந்து சமையக்கட்டுக்குப் போய் நின்னுக்கிட்டேன். கோதை என்னங்கன்னா. ஒண்ணுமில்லன்னுட்டேன்.

நான் பாலடின். அப்படின்னா கேடயம் பிடிச்ச சாமியார்னு வச்சுக்கங்க. முன்னால நின்னு அடியும் வாங்கணும், மந்திரமும் போடணும். எனக்காகவே செஞ்ச வேலை மாதிரி இருந்துச்சு. பண்ருட்டியில மெடிக்கல் வச்சிருக்கற தாமரைன்னு ஒரு அம்மா எங்களுக்கு வைத்தியம் பார்ப்பாங்க, கேம்லயும் அதே வேலைதான் அவங்களுக்கு. நெய்வேலி பசங்க ரெண்டு பேரு தூரத்துலேருந்து அம்பு விடுவாங்க. இவ்வளவுதான் எங்க செட்டு.

இப்ப கவனமா கேளுங்க, இங்கதான் விஷயமே இருக்கு. பாலடினுக்கு மந்திரம் நாப்பதுக்கு மேல உண்டு. உள்ள போறப்ப ஆறுதான் எடுத்துக்கலாம். கதவு மூடிட்டா மாத்த முடியாது. அஞ்சு மந்திரத்துல எங்களுக்குள்ள தகராறே இல்ல. ராட்சசனை நம்ம பக்கம் திருப்பற மந்திரம், காயத்தைக் கையால தடவி ஆத்தற மந்திரம், அந்த மாதிரி. ஆறாவதுதான் வீட்டை ரெண்டாக்குச்சு.

நான் எடுக்கறது குடை. குடைங்கறது நாங்க வச்ச பேரு. யார் மேலயாவது போட்டேன்னா எட்டு செகண்டுக்கு அவங்களை எதுவும் தொட முடியாது. நெருப்பு, விஷம், அரிவாள், எது வந்தாலும் சரி. ஒரே ஒரு குறை, உள்ள இருக்கறவங்களும் யாரையும் அடிக்க முடியாது. கை ஓங்காது. எட்டு செகண்ட் சும்மா நிக்கணும். அதனால என்ன? எட்டே செகண்டுதானே?

கீரன் கேட்டது வேற மந்திரம். அவிழ்ப்புன்னு சொல்லுவோம். கடைசி அறையில ஒரு சிலந்தி இருக்கு, எட்டுக்கால் ராணி. அது நூல் விட்டு ஆளுங்க காலைக் கட்டிப் போட்டுடும். அவிழ்ப்பு போட்டா கட்டு அறுந்து ஓடலாம். அவன் ஓடற ஆளு, அவனுக்கு அது வேணும். ஆனா அவிழ்ப்புல பாதுகாப்புன்னு ஒண்ணும் கிடையாது சார். கட்டு அறுந்துடும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் பாடு.

“ண்ணா, குடை வேணாம், அவிழ்ப்பு எடு”ம்பான்.

“நீ மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டாத்தானேண்ணா அவிழ்ப்பு.”

“செத்துட்டா?”

“செத்தா எழுந்துக்கலாம். கேம்ணா இது.”

செத்தா எழுந்துக்கலாமாம். ஜிப்மர்ல ஐ.சி.யூ. வாசல்ல பதினோரு நாள் உக்காந்திருந்தவன் கிட்ட சொல்றான்.

கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். குடை எடுத்துக்கலாம். ஆனா கீரன் மேல போடறதுன்னா ரெண்டு நிபந்தனை. அவன் ரத்தம், அதாவது கேம்ல மிச்சம் இருக்கற உயிரு, இருபது சதவீதத்துக்குக் கீழ போகணும், அவனே வாயைத் திறந்து குடைன்னு கேக்கணும். நான்தான் எழுதினேன், பிளான்ட்ல எழுதற மாதிரி, நம்பர் போட்டு, கீழ ரெண்டு பேரும் கையெழுத்து. அவன் கம்ப்யூட்டருக்கு மேல ஒட்டியிருந்துச்சு.

செங்கம் வந்துடுச்சா? டீ சாப்பிடறீங்களா சார்? வேணாமா. எனக்கும் இறங்காது.

ஆறு வாரத்துக்கு முன்னாடி போட்டி. தமிழ்நாடு அளவுல. பெங்களூர்ல ஒரு டீம் இருக்கு, கேம் ஆடறதையே உத்தியோகமா வச்சிருக்காங்க, ஆஸ்டல் கொடுத்து, சாப்பாடு போட்டு. அவங்களுக்கு ஓடற ஆள் ஒண்ணு வேணும். எந்தச் செட்டு ராணியைச் சாய்க்குதோ அந்தச் செட்டு ஓட்டக்காரனை எடுத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. ஒரு மாசமா கீரனுக்கு அதே நினைப்பு. தூக்கத்துல கூட விரல் ஆடும்பா கோதை.

ஞாயித்துக்கிழமை காலையில ஆட்டம். அவன் ரூம்ல அவன், ஹால்ல நான். காதுல மாட்டிக்கிட்டு. முத நாலு அறையும் தண்ணி பட்ட பாடா போச்சு. ராணி அறை. இருபது நிமிஷம் அடிக்கிறோம். அதுக்குப் பத்து சதவீதத்துக்குக் கீழ போனா வெறி பிடிச்சுடும், நான் திருப்பினாலும் திரும்பாது. அஞ்சாச்சு, நாலாச்சு. கீரன் அது முதுகுல இருக்கான். ரெண்டு சதவீதம். இன்னும் ரெண்டு குத்து சார், ரெண்டே குத்து. ராணி அவன் பக்கம் திரும்புச்சு. அவன் ரத்தம் இறங்குது. பதினெட்டு. நான் குடையைப் போட்டுட்டேன்.

எட்டு செகண்ட் அவன் கை ஓங்கல. ராணியால அவனைத் தொட முடியல, திரும்பித் தாமரையம்மாவை முடிச்சுது. நெய்வேலி பசங்களை முடிச்சுது. என்னையும் முடிச்சுது. ஒவ்வொருத்தரைத் தின்னத் தின்ன அதுக்கு ரத்தம் ஏறும். குடை போனப்புறம் கீரன் மட்டும் தனியா நின்னான். ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட் ஒத்தையில ஓடி ஓடி அடிச்சான் சார், வைத்தியத்துக்கு ஆள் இல்லாம. ராணிக்கு ஒரு சதவீதம் பாக்கி இருக்கறப்ப விழுந்தான்.

நான் அவன் ரூமுக்குப் போனேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சு மடியில வச்சிருந்தான். என்னைப் பார்க்கவே இல்ல.

பதினெட்டுன்னு சொன்னேன் இல்ல. கோதை ஆட்டத்தோட பதிவைப் போட்டுப் பார்த்துட்டு முப்பத்தொண்ணுன்னா. இருக்கலாம் சார். சின்ன நம்பரு, திரையோட ஓரத்துல இருக்கும். முப்பத்தொண்ணாவே இருக்கட்டும், இறங்கிக்கிட்டுத்தானே இருந்துச்சு? முப்பத்தொண்ணு பதினெட்டு ஆகறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் பிளான்ட்ல வால்வு வெடிச்சப்புறமா மூடறேன்? அவன் குடைன்னு கேக்கல, அது நிஜம். எனக்குக் கேக்கலையோ என்னவோன்னு பதிவுல திரும்பத் திரும்பக் கேட்டேன். கேக்கலதான்.

கோதை ஒரு வார்த்தை கேட்டா. ராணி செத்திருந்தா தம்பி பெங்களூர் போயிருப்பான், அது தெரிஞ்சுதானே போட்டீங்கன்னு. கட்டினவ கேக்கற கேள்வியா அது? அந்த நேரத்துல பெங்களூர் என் ஞாபகத்துலயே இல்ல சார். அவன் ரத்தத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

வேடிக்கை என்னன்னா, தோத்த அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவங்க இவனை எடுத்தாங்க. அந்த ஒரு நிமிஷம் நாப்பது செகண்டைப் பார்த்துட்டு. யோசிச்சுப் பாருங்க, நான் குடை போடலன்னா அவன் தனியா நின்னிருப்பானா? கணக்குப் பார்த்தா அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதைக் கோதைகிட்ட சொன்னேன். எழுந்து போயிட்டா.

நான் முதல் ஷிஃப்டுல இருக்கறப்ப அந்த டீமோட வேன் வந்து கூட்டிட்டுப் போயிருக்கு. சாயங்காலம் வந்து பார்க்கறேன், ஸ்டூல் மட்டும் பாத்ரூம்ல நிக்குது. ஆட்டம் தோத்த அன்னியிலேருந்தே என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. கோதைகிட்ட தினம் பேசறான். ஆஸ்டல் போட்டோ அனுப்பினான் அவளுக்கு. நான் ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்தேன். ரூம் ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கு, சரி, கரென்ட் போனா? பாத்ரூம் டைல்ஸ் வழவழன்னு இருக்கு. கதவுல உள்தாழ்ப்பாள் நல்லாத் தெரியுது. எல்லாத்தையும் சிவப்பு வட்டம் போட்டு நாலு பக்கத்துக்கு ஆபத்து மதிப்பீடு எழுதியிருக்கேன், இந்தப் பையிலதான் இருக்கு. அங்க மேனேஜர் கையில கொடுத்து, இதுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கறீங்களான்னு ஒரு கையெழுத்து கேப்பேன். போடமாட்டாங்க. எவனும் போடமாட்டான். அதை வச்சு அவனைக் கூட்டிட்டு வந்துடலாம்.

குளிக்கற ஸ்டூல் போட்டோவுல இருந்துச்சான்னா... இருந்துச்சு. பிளாஸ்டிக். அதுல எல்லாம் நம்ம ஆளு உக்கார முடியாது.

பத்தரை ஆகுது, கொஞ்சம் இருங்க. வருது, வருது. இந்தாங்க, நீங்களும் பாருங்க, இந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க. இதான் கீரி. பச்சைத் துணி கட்டியிருக்கான் பாருங்க. மூலையில சின்னக் கட்டத்துல நிஜ மூஞ்சி தெரியுது, அதான் என் தம்பி. இளைச்சிருக்கான். இல்ல, முடி வெட்டியிருக்கான், அதான் அப்படித் தெரியுது.

அந்தக் கேடயம் வச்சிருக்கறது அவங்க பாலடின். யாரோ ஒரு பொண்ணாம். என்னென்ன மந்திரம் எடுத்திருக்கான்னு கீழ போடுவாங்க. சவால், கைவைத்தியம், சுவர்... அவிழ்ப்பு. குடையைக் காணோம். அய்யோ, குடையே எடுக்கல சார் இவ. எந்த தைரியத்துல ராணி அறைக்குள்ள போறா?

ஊத்தங்கரை தாண்டிட்டமா? அப்ப சிக்னல் நிக்கும். நிக்கணும்.

நாலு அறையும் முடிஞ்சு ராணி அறைக்கு வந்தும் நேரமாச்சு. ராணிக்கு இப்ப ஒம்பது. வெறி பிடிச்சுடுச்சு பாருங்க, கண்ணு செவந்துடுச்சு. கீரா, தள்ளி நில்லுடா. நூல் விட்டுடுச்சு. மாட்டிக்கிட்டான். மாட்டிக்கிட்டான் சார். ஆ, அவிழ்த்துட்டா. நேரத்துக்குப் போட்டா, சரி. ஏறறான் பாருங்க தூண் மேல. அவன் ரத்தம் நாப்பது. ராணி நாலு. முப்பத்தொண்ணு.

இருபத்திரெண்டு. ஏம்மா, ஏதாவது பண்ணு. பதினெட்டு. விலகி வாடா, போதும் விலகி வா. பதிமூணு. விலக மாட்டேங்கறான். ராணி ரெண்டு. ஒம்பது சார், ஒம்பது சதவீதம், நிக்கறாளே மரம் மாதிரி, போடும்மா குடைய!

மன்னிச்சுக்கங்க, சத்தமா கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க.

நின்னுடுச்சு. படம் நின்னுடுச்சு. சுத்துது. உங்க போன்ல சிக்னல் இருக்கா? இல்லையா. ஜன்னல் பக்கம் கொஞ்சம் விடுங்க சார். ஒம்பதுலயே நிக்குது. இப்படித்தான் அன்னிக்கும், ஆபரேஷன் தியேட்டர் கதவுல சிவப்பு லைட்டு, அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கேம்தான் சார், தெரியும் எனக்கு. தெரியாம இல்ல.

வந்துடுச்சு. எங்க அவன்? விழுந்து கிடக்கான். கீரி செத்துட்டான் சார். சொன்னேன் இல்ல? பச்சைத் துணி, அதோ தரையில. விட்டுட்டா. அநியாயமா விட்டுட்டா.

என்ன சொல்றீங்க? எங்க? ராணியா?

ஆமா. ராணியும் கிடக்கு. ராணி செத்துக் கிடக்கு. ஜெயிச்சுட்டானுங்க.

மூலையில பாருங்க சார். சிரிக்கறான். தலையைப் பின்னால சாய்ச்சுக்கிட்டு. எல்லாரும் அவன் வீல்சேரைச் சுத்தி நிக்கறாங்க. டேய், முதுகுல தட்டாதடா, அங்க ஆபரேஷன்ல வச்ச பிளேட்டு இருக்கு. அவன் தோள்ல தட்டிக்கோ. யாராவது சொல்லுங்களேன் அவனுக்கு. இப்படிச் சிரிச்சு எட்டு வருஷம் ஆச்சு சார். இவனுக்கு இந்தப் பல்லு இப்படி லேசா ஏறி இருக்கும், நான் மறந்தே போயிட்டேன்.

இல்ல, கண்ணுல தூசி. ஜன்னலைத் திறந்தேன் இல்ல.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். கீரன்தான் சார். எடுக்கவா? ஆறு வாரம் ஆச்சு. எடுக்கறேன்.

டேய். பார்த்தேன்டா. முழுசாப் பார்த்தேன். ஒம்பதுல படம் நின்னுடுச்சு. எத்தனை, நாலா? நாலு சதவீதத்துலயா குத்தினே? ஆமாடா, நானா இருந்தா போட்டிருப்பேன். சத்தியமா போட்டிருப்பேன். சிரிக்காத. கீரா, அன்னிக்கு உனக்கு முப்பத்தொண்ணு இருந்துச்சுடா. தெரியுமா? ம். உன் ரத்தம்தான், உனக்குத் தெரியாம இருக்குமா. எனக்குப் பயமா இருந்துச்சுடா. ராணிக்காக இல்ல. ம். சரி. சரிடா. சாப்பிட்டியா? நானா? வீட்லதான் இருக்கேன். ஹால்ல. கோதை மீன் வறுத்துக்கிட்டு இருக்கா. அதுவா, டி.வி. சத்தம். ஆமா, வீட்லதான்டா. சரி, வை.

வச்சுட்டான்.

இங்க நீ எப்ப வருவேன்னு கேட்டான் சார். கேக்கணுமேன்னு கேட்டானா, மனசாரக் கேட்டானான்னு தெரியல. அதுக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள, எங்க இருக்கேன்னு கேட்டுட்டான், வீட்லன்னு வாயில வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து இந்தக் கண்டக்டர் கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரின்னு காதுக்குள்ள கத்தறாரு. டி.வி.ன்னு சொல்லிச் சமாளிச்சேன். அப்புறம், வீட்லயான்னான். ஆமான்னேன். சரிண்ணா, மீன் ஆறிடப் போகுது, போய்ச் சாப்பிடுன்னான். நல்லவேளை, நம்பிட்டான்.

கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும். ஆமா, கிருஷ்ணகிரியிலதான். பெங்களூர் வரைக்கும் டிக்கெட் இருக்கு, பரவாயில்ல.

இல்ல சார், நாளைக்கு பிளான்ட்ல ஆடிட்டு இருக்கு, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சிவப்பு வட்டம் போட்ட காகிதம் எல்லாம் எங்க போகப் போகுது, பையிலயே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்னா கடலூர் பஸ் கிடைக்கும் இல்ல? வீட்ல இருக்கேன்னு சொல்லிட்டேனே, போய்ச் சேரணும்.

ஸ்டூலை நானே தூக்கிக்கறேன், விடுங்க. நீங்க காலை நல்லா நீட்டி உக்காருங்க சார்.